அன்புராஜின் இரண்டு ரத்தங்கள்

ஒரு மனிதனின் ரத்தத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை எண்ணிவிடலாம் என்று தெரியவரும் வரையில் அன்புராஜ் ஓரளவு நிம்மதியாகவே இருந்தான். ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் சாக்ஸின் கோடுகள் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும். உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்குக் கால் வீங்காமல் காதா வீங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான். அந்தச் சமாதானம் நாலு வருஷமாகப் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த இரும்பு ஆலைக்கு எதிரில்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. பேரளவுப் புரத ஆய்வு உயர்நிலை மையம் என்று கருங்கல்லில் பெயர் பொறித்திருந்தார்கள். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லாததால் ஜனங்கள் புரோட்டீன் ஆபீஸ் என்றார்கள். உடற்பயிற்சிக்கூடத்துப் பையன்கள் கவரைப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்து பவுடர் கேட்பதும், காவலாளி அவர்களைத் திருப்பி அனுப்புவதும் ஆறு மாதம் நடந்தன. அந்த ஆறு மாதத்தில் பொதுமக்களுக்கும் மையத்துக்கும் நடந்த தொடர்பு அவ்வளவுதான்.

உள்ளே ஒரு கருவி இருந்தது. கப்பலில் வந்தது. பதினெட்டு டிகிரிக் குளிரில், தனி அறையில், இரண்டு ஜெனரேட்டர்களின் பாதுகாப்பில் இருந்தது. ஊழியர்கள் அதை அஃறிணையில் பேசுவதில்லை. "கருவி இன்று ஓய்வில் இருக்கிறார்" என்பார்கள். ஆயுதபூஜையன்று அதன் நெற்றி என்று கருதப்பட்ட இடத்தில் சந்தனம் பூசினார்கள். சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது. அந்த வாரம் பரிசோதித்த எல்லோருடைய ரத்தத்திலும் ஒரு மரத்தின் புரதம் இருப்பதாக அறிக்கை வந்தது. அதை மையம் புதிய கண்டுபிடிப்பாகப் பதிவு செய்துகொண்டது.

இப்படிப்பட்ட மையம் 'துளியில் தொழிலாளி' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. உலைத் தொழிலாளர்கள் ஐந்நூறு பேரின் ரத்தத்தை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அறிக்கையும் அட்டையும் தரும். ஆபத்தில்லாதவருக்குப் பச்சை அட்டை, ஆபத்துள்ளவருக்குச் சிவப்பு அட்டை. ஒரு ஆள்கூட விடாமல் ரத்தம் கொடுத்த ஆலைக்குச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததால், ஆலை நிர்வாகத்துக்குத் திடீரென்று தொழிலாளிகளின் ரத்தத்தின்மேல் பிரியம் வந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் முகாம். திங்கட்கிழமை அன்புராஜ் தன் பெயரில் கொடுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை பட்டியலில் ஒரு ஆள் குறைந்தது. உலையில் அவனோடு நிற்கும் ஜெரால்ட், தங்கச்சி வளைகாப்பு என்று ஆரணிக்குப் போயிருந்தான். கான்டிராக்ட் சூப்பர்வைசர் பூவராகவன் ஜெரால்டின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அன்புராஜைத் தேடி வந்தார்.

"டேய் அன்பு, ஜெரால்டுக்கும் நீயே குத்திக்கினு வந்துடு."

"இன்னாண்ணே, இது இன்னா வருகைப் பதிவா? ரத்தம்ணே."

"ரத்தம்னா இன்னாடா? அவனுது ஒரு கலரு, உன்னுது ஒரு கலரா? ஒருத்தன் கொறைஞ்சா சர்டிபிகேட் பூடும். அவன் உனக்கு எத்தினி தபா நின்னுக்கிறான்?"

அது நியாயமான கேள்வி. கான்டிராக்ட் ஆட்களிடையே வராதவன் பெயருக்கு வந்தவன் நிற்பது காலங்காலமான ஏற்பாடு. பதிவேட்டில் தலைகள் நிறைந்திருந்தால் போதும், கழுத்துகளை யாரும் சரிபார்ப்பதில்லை. ஹெல்மெட்டும் முகக்கவசமும் போட்டுக்கொண்டால் அட்டையில் இருக்கும் புகைப்படம் தொழிற்பேட்டையின் எந்த ஆண்பிள்ளைக்கும் பொருந்தும். அன்புராஜ் வலது கையை நீட்டினான். ஜெரால்டின் பெயரில் ஒரு குழாய் நிறைந்தது. இரண்டாவது ஜூஸ் பாக்கெட்டும் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வழங்கும் விழா. பந்தல், குத்துவிளக்கு, பொன்னாடை எதற்கும் குறைவில்லை. இயக்குநர் டாக்டர் தணிகைவேல் நாற்பது நிமிடம் பேசினார்.

"முன்பெல்லாம் மருத்துவர் உங்கள் நாக்கைப் பார்ப்பார், கண்ணை விரித்துப் பார்ப்பார், எங்கே வலிக்கிறது என்று கேட்பார். அந்த அவமானம் இனி உங்களுக்கு இல்லை. நாங்கள் உங்களைப் பார்க்கவே தேவையில்லை. உங்களிடம் எதுவும் கேட்கவும் மாட்டோம். ஏழாயிரத்து இருநூறு புரதங்களை அளந்திருக்கிறோம். அவற்றில் பல என்ன செய்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவற்றை எவ்வளவு துல்லியமாக அளந்தோமோ, தெரியாதவற்றையும் அவ்வளவு துல்லியமாகவே அளந்தோம். பாரபட்சம் காட்டவில்லை. அளப்பது எங்கள் கடமை. அதனால் என்ன பயன் என்று கேட்பது அறிவியலுக்குச் செய்யும் அவமரியாதை."

கைதட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தொண்ணூற்று நான்கு பக்க அறிக்கை கிடைத்தது. முழுக்க ஆங்கிலம், நடுநடுவே மழைக்காலத்துக் கொசுக்கூட்டம் மாதிரிப் புள்ளிகள். கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் தமிழ்: 'இவ்வறிக்கையை எவ்வித மருத்துவ முடிவுக்கும் பயன்படுத்தலாகாது.'

அன்புராஜுக்குப் பச்சை அட்டை. ஜெரால்டுக்குச் சிவப்பு. சிறுநீரகம், உயர் அபாயம்.

ஜெரால்ட் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அன்புராஜ் கண்டான். அந்த அட்டை தன்னுடையது, தவறான முகவரிக்குப் போயிருக்கிறது என்று தோன்றியது.

மருத்துவ முடிவுக்குப் பயன்படாத அறிக்கை, ஆலை நிர்வாகத்துக்கு மிக நன்றாகப் பயன்பட்டது. மறுநாள் காலை வாசலில் ஜெரால்டை நிறுத்திவிட்டார்கள். சிவப்பு அட்டைக்காரன் உலையில் விழுந்து செத்தால் யார் பொறுப்பு என்று மனிதவள அதிகாரி கேட்டார். பச்சை அட்டைக்காரன் விழுந்தால் யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

டீக்கடையில் ஜெரால்ட் அன்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ணா, நான் செத்துருவனாணா? முகாமுக்கு நான் வரலைன்னு, வேலைக்குச் சேர்றப்ப எடுத்த ரத்தத்த வெச்சுப் பாத்துட்டாங்களாட்டம் கீது. கல்யாணம் ஆயி எட்டு மாசம்தான் ஆவுது. அவகிட்ட இன்னும் சொல்லலை. நாஷ்டா துண்ணா உள்ளயே போவ மாட்டேங்குது."

"டேய்... அது உன் ரத்தம் இல்லடா."

"இன்னா சொல்ற?"

அன்புராஜ் சொன்னான். ஜெரால்ட் முதலில் சிரித்தான், பிறகு அவனை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்றது.

"அப்ப உனக்குத்தானாணா அது?"

"எனக்குத்தான் பச்சையும்."

இருவரும் இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டீ ஆறியது. வீட்டில் அன்புராஜின் மனைவி இளமதி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒடம்பு. எப்படிய்யா ரெண்டு சொல்லும்? எது நெசம்னு போய்க் கேளு. அந்தப் புள்ள வேல இல்லாம நிக்கிறான். நீயும் தெனிக்கும் கால அமுக்கிப் பாத்துக்கினு குந்தியிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

அன்புராஜ் லீவு சொல்லிவிட்டு மையத்துக்குப் போனான். வரவேற்பறையில் காலணிக்கு உறை, தலைக்குத் தொப்பி, உடம்புக்கு அங்கி எல்லாம் போட்டுவிட்ட பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

"அறிக்கைல இன்னா எழுதிக்கீதுன்னு வெளக்கம் கேக்கணும்மா."

"விளக்கப் பிரிவா? அதுக்கு அறை ஒதுக்கியாச்சு. ஆள் இன்னும் ஒதுக்கலை" என்றாள் அந்தப் பெண், அனுதாபத்தோடு. "அடுத்த கட்டத்தில வரும்."

"ரெண்டு ரத்தமும் என்னுதும்மா. ஜெரால்டு பேர்ல நான்தான் குடுத்தேன். ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு."

அவள் தொலைபேசியை எடுத்தாள். நான்கு நிமிடத்தில் அவன் இயக்குநர் எதிரில் உட்கார்ந்திருந்தான். அறைக் குளிரில் பற்கள் தந்தியடித்தன. தணிகைவேல் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேறு யாரிடம் சொன்னீர்கள்?"

"வூட்ல. அப்புறம் ஜெரால்டு."

"பத்திரிகைக்காரர்கள்?"

"இல்ல சார். சார், எது சார் நெசம்? எனக்குக் கிட்னி கெட்டுப்பூட்சா, இல்லயா?"

"தம்பி, அவசரப்படாதீர்கள். இங்கே ஆபத்தில் இருப்பது உங்கள் சிறுநீரகம் அல்ல. மையத்தின் நம்பகத்தன்மை." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் ஒரு மனிதருக்கு வியர்ப்பதைப் பார்த்ததும் அன்புராஜுக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவ்வளவு பெரியவரே பயப்படுகிறார் என்றால் தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நினைத்தான்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு இரண்டு நாள் உட்கார்ந்தது. ஒரே உடம்பிலிருந்து வந்த இரண்டு அறிக்கைகளையும் வரிவரியாக ஒப்பிட்டது. தொண்ணூற்று நான்கு பக்கங்களில் அவை முழுமையாக ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்று: கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து. மூன்றாம் நாள் அன்புராஜை வரவழைத்து முடிவைப் படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தம், உரிமையாளர் வராத நிலையில் எடுக்கப்பட்டதால், நிர்வாக ரீதியாக எடுக்கப்படாத ரத்தம். எனவே அந்தச் சிவப்பு முடிவு இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. திங்கட்கிழமை ரத்தம் முறைப்படி எடுக்கப்பட்டதால் அன்புராஜ் பச்சை. ஜெரால்டைப் பொறுத்தவரை, ஆலையின் ஒட்டுமொத்தப் பங்கேற்பைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால், சக தொழிலாளர்களின் சராசரியிலிருந்து அவருடைய புரதங்களைக் கணக்கிட்டுவிட்டார்கள். அவரும் பச்சை. இரண்டு முரண்பட்ட முடிவுகளில் ஒன்று நீங்கிவிட்டதால் திட்டத்தின் துல்லியம் நூறு சதவீதம்.

முகாமில் ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்காத ஜெரால்ட் மறுநாள் வேலைக்குத் திரும்பினான். தொழிற்பேட்டையிலேயே மிகச் சீரான புரதங்கள் அவனுடையவைதான் என்று பிற்பாடு ஒரு கருத்தரங்கில் குறிப்பிட்டார்களாம்.

முடிவைக் கேட்டுவிட்டு அன்புராஜ் தாழ்வாரத்தில் வந்தபோது வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் அவன் பின்னால் வேகமாக வந்தாள். சுகிர்தா என்று மார்பில் பெயர் இருந்தது. ஆய்வகத்தில் குழாய்களைக் கருவிக்குள் வைக்கிறவள் அவள்தான்.

"அண்ணா, நிக்காதீங்க, நடந்துகினே கேளுங்க. கேமரா கீது. திங்கக்கிழமை தொடக்க விழா. விருந்தாளி வர லேட்டு. அவரு கொடி அசைக்காம குழாய் ஏத்துன வண்டிய எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மொத நாள் குழாயெல்லாம் மூணு மணி நேரம் வெயில்ல நின்னுச்சு. புரதம்லாம் பூட்சு. அதான் மொத நாள் குடுத்த இருநூத்தைம்பது பேரும் பச்சை. ஒருத்தருக்குக்கூட சிவப்பு இல்ல."

"அப்ப ரெண்டாவது நாளு?"

"அது நல்ல ரத்தம். கருவி சரியாத்தான் சொல்லுச்சு. கிட்னி கெடும்போது ஏறுற புரதம்லாம் உங்களுக்கு ஏறிக்கீது. நானே ரெண்டு தடவை பாத்தேன். அத்த வெச்சு எவ்வளவோ செய்யலாம்ணா, நெசமாவே நல்ல விஷயம் அது. எழுதியும் குடுத்தேன். கோப்புல வெச்சுட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "நானும் கான்டிராக்ட்தான்ணா. நான் சொன்னதா சொல்லாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணிக்குங்க. இன்னிக்கே போங்க."

அவள் ஒரு கதவுக்குள் மறைந்தாள். அன்புராஜ் காலணி உறையைக் கழற்றாமலே தெருவுக்கு வந்துவிட்டான்.

சனிக்கிழமை ஷிப்ட் மாற்றத்தன்று ஜெரால்ட் பைக்கில் அவனைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனான். ஆய்வகம் என்பது ஒரு மேஜை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்பிரிட் விளக்கு. அதன் பின்னால் சாராளம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகளின் டப்பா தீர்ந்துபோய் ஒரு மாதம் ஆகிறதாம்.

"பரவால்ல, காய்ச்சிப் பாத்துரலாம். நீயும் குடுப்பா" என்று ஜெரால்டிடமும் ஒரு சிறு பாட்டிலை நீட்டினார். "சும்மாத்தானே நிக்கிற."

கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசி ஊற்றி, இடுக்கியால் சாய்த்துப் பிடித்து, மேல்பகுதியை மட்டும் தீயில் காட்டினார். முதலில் ஜெரால்டுடையது. கொதித்தது, அடங்கியது, தெளிவாகவே நின்றது. குழாய்க்குப் பின்னால் வைத்த நாள்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. ஜெரால்ட் "ஸ்தோத்திரம்" என்று சிரித்துவிட்டு, அன்புராஜின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த குழாய். தீ பட்ட சில நொடிகளில் மேலே புகை மாதிரி ஒன்று திரண்டது. அது கீழே இறங்காமல் அடர்ந்தது. கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆனது. சாராளம்மா எதையோ நாலு சொட்டு விட்டார். அப்படியும் கலையவில்லை. நாள்காட்டி தெரியவில்லை.

"இன்னாம்மா அது?"

"புரதம்ப்பா. முட்டை வெள்ளைக்கரு சூட்ல வெளுக்குது இல்ல, அந்த மாதிரி. ரத்தத்துலயே நிக்க வேண்டியது. உன் கிட்னி புடிச்சு வெக்க முடியாம வெளிய உட்டுக்கினு கீது." அவர் அவன் முகத்தைப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், குனிந்து காலை அழுத்திப் பார்த்தார். "எத்தினி நாளா வீங்குது?"

யாரோ தன்னிடம் கேள்வி கேட்கிறார்கள் என்று புரிய அன்புராஜுக்குச் சற்று நேரம் பிடித்தது. "நாலு வருசம்மா" என்றான். சொன்ன பிறகு அழுகை வந்தது.

பக்கத்து அறை டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். முழுசாகப் போகவில்லை, இப்போதே பார்த்தால் நிறுத்தி வைக்கலாம், ஆனால் இனி உலைப் பக்கம் நிற்கக் கூடாது என்றார்.

திங்கட்கிழமை அந்தச் சீட்டை மனிதவள அதிகாரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு புரதத்தைப் பார்த்துக் கையால் எழுதிய சீட்டை, ஏழாயிரம் புரதத்தைப் பார்த்து அச்சடித்த அட்டைக்கு மேல் எப்படி எடுத்துக்கொள்வது என்று நியாயமாகவே கேட்டார். "சிவப்பு அட்டை எடுத்துட்டு வாங்க. வெளில லோடிங் பக்கம் மாத்திடறோம். பச்சை வெச்சிக்கிட்டு உலைக்கு வரமாட்டேன்னா, அது வேலை மறுப்பு."

அன்புராஜ் மறுபடியும் இயக்குநர் முன்னால் போய் நின்றான்.

"சார், அந்தச் சிவப்ப எனக்குக் குடுத்துருங்க சார். அது என்னுது."

"எந்தச் சிவப்பு?"

"ஜெரால்டு பேர்ல வந்துச்சே சார். கெவர்மென்ட்டு ஆஸ்பத்திரில ஒண்ணுக்கக் காய்ச்சிப் பாத்தாங்க. வெள்ளையா வந்துட்ச்சு. உங்க மிஷினு சொன்னது கரெக்ட்டு சார்."

இயக்குநர் முகம் கோணியது. "காய்ச்சினார்களா? தீயில்?"

"ஆமா சார்."

"ஒரே ஒரு புரதத்தை. அதுவும் அதன் பெயரைக்கூடக் கேட்காமல்." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் சிவப்பு சரி என்றால், எங்கள் பச்சை தவறு. ஒரு பச்சை தவறு என்றால் மற்ற பச்சைகள்? நூறு சதவீதம் என்று மாநாட்டில் வாசித்தாகிவிட்டது. நீங்கள் ஒருவர் நோயாளி ஆவதால் எத்தனை பேருடைய ஆரோக்கியம் பாதிக்கப்படும் தெரியுமா? நாங்கள் ஒரு தனி மனிதருக்காக ஆராய்ச்சி செய்யவில்லை. மனித குலத்துக்காகச் செய்கிறோம். அதில் நீங்களும் ஒரு நாள் வருவீர்கள்."

"எப்ப சார்?"

"சிறுநீரகம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது."

அவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கும் மனமில்லை. மையத்தின் ஆண்டறிக்கை அட்டைக்கு ஒரு தொழிலாளியின் முகம் தேவைப்பட்டது. புகைப்படக்காரரை அழைத்தார். புது ஹெல்மெட் ஒன்றைத் தலையில் வைத்து, பச்சை அட்டையைக் கையில் கொடுத்து, கருவியின் அறைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினார்கள். கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கிறதே என்றார் புகைப்படக்காரர். அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்றார் இயக்குநர்.

மறுநாள் காலை அன்புராஜ் ஆலைக்குப் போகவில்லை. இளமதி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவார்களா, மிஷினோடு சேர்த்துப் படுக்க வைப்பார்களா, பிழைத்தாலும் வேலை இருக்குமா என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்தான். பொன்னேரி தாண்டும்போது போன் அடித்தது. பூவராகவன்.

"எங்கடா கீற? உலை காஞ்சுகினு கீது, ஆள் இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறேண்ணே."

"உனக்கு இன்னாடா கேடு? நீ பச்சடா. போட்டோலாம் எடுத்துக்கிறாங்களாமே. பேஜாரு பண்ணாத, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வா."

"பயமா கீதுண்ணே" என்றான் அன்புராஜ். எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பச்சை நெசம் இல்லண்ணே. மொத நாள் எடுத்த ரத்தம் எல்லாம் வெயில்ல நின்னு கெட்டுப் பூட்சாம். மொத நாள் குடுத்தவன் அத்தினி பேரும் பச்சை. ஒருத்தன் பாக்கி இல்ல."

மறுமுனையில் கிரேன் நகரும் சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். பூவராகவன் பதிலுக்குக் கத்தவில்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று அன்புராஜ் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே?"

"நானும் மொத நாளுதாண்டா குடுத்தேன்."

"கால் வீங்குதாண்ணே?"

கிரேன் சத்தம் தூரமாகப் போனது. அவர் எங்கோ ஒதுங்கி நடந்து போவது தெரிந்தது. மறுபடி பேசியபோது, முப்பது பேரை ஒரே அதட்டலில் ஓடவைக்கும் அந்தக் குரல் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காத மாதிரி இருந்தது.

"அடுத்த வண்டி எத்தினி மணிக்குடா?"